கம்பி முனையில் போர்: சிங்கப்பூரின் கட்டளை அறைகளில் ஒரு சுற்று

சனிக்கிழமை: ஃபோர்ட் கெனிங்

ஃபோர்ட் கெனிங் குன்றுக்கு அடியில் இருக்கும் போர்க்கால நிலத்தடித் தலைமையகமான பேட்டில்பாக்ஸுக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும், 1942இல் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடையும் முடிவு எடுக்கப்பட்ட அறை எங்கே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். தரைக்கு 9 மீட்டர் கீழே, ஒரு மீட்டர் கனமுள்ள கான்கிரீட் சுவர்களுக்குள் ஏறத்தாழ முப்பது அறைகள். இப்படி ஓர் இடத்தில் முதலில் காற்றுக் குழாய்களையும், அடுத்து தொலைபேசிக் கம்பிகள் வந்து சேரும் அறைகளையும் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு தளபதியின் மேசைக்கு வந்தால், அங்கே எடுத்த முடிவு ஏன் அப்படி அமைந்தது என்பது பாதி புரிந்திருக்கும்.

டவுன்டவுன் தடத்தில் ஃபோர்ட் கெனிங் நிலையத்தில் இறங்கினால் குன்றின் அடிவாரம். படிகள் செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் டோபி காட் பக்கமிருந்து மெதுவாக ஏறுவது நல்லது. 2024இல் மறுபடி திறந்ததிலிருந்து நுழைவு இலவசம். திறந்திருக்கும் நேரத்தை மட்டும் புறப்படும் முன் இணையத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

குன்றின் மேல் கோட்டை கட்டியது 1859 முதல் 1861 வரை. இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கெனிங் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அந்தக் கோட்டையில் இன்று மிச்சமிருப்பது பெரும்பாலும் வாசல்தான். நிலத்தடி அறைகள் 1930களின் பிற்பகுதியில் தோண்டியவை. மலாயா ராணுவத் தலைமையகம் குண்டுவீச்சுக்கு நடுவிலும் இயங்க வேண்டும் என்பதே நோக்கம்.

இனி காற்று. குண்டுக்குத் தாங்கும் அறை கட்டுவது சிரமமில்லை, கான்கிரீட்டைக் கனமாக ஊற்றினால் போதும். மனிதர் மூச்சுவிடத் தாங்கும் அறையாக அதை வைத்திருப்பதுதான் பாடு. கணக்கு இப்படி: சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் அறையின் கொள்ளளவு 60 கன மீட்டர். அதில் பத்துப் பேர் இருந்து, வெளிக்காற்றை அடைத்துவிட்டால், மூன்று மணி நேரத்தில் கரியமில வாயு ஒரு விழுக்காட்டைத் தொடும். அந்த அளவில் யாரும் சாக மாட்டார்கள். தலை கனக்கும், தூக்கம் வரும், கணக்குகள் தப்பும். முடிவெடுப்பதற்காகவே கட்டிய அறையில் நடக்கக் கூடாதது அதுதான். கூடவே சூடு. ஒரு உடம்பு 100 வாட் வெப்பம் தரும் என்று வைத்தால், முப்பது பேர் அடைந்த அறையில் மூன்று இஸ்திரிப் பெட்டிகளை இடைவிடாமல் ஓடவிட்ட மாதிரி.

வெளிக்காற்றை ஏன் அடைக்க வேண்டும்? முதல் உலகப் போருக்குப் பிறகு கட்டிய எந்த நிலத்தடி அறையிலும் விஷவாயு பயம் உண்டு. வாயு வந்தால் வெளித்துளைகளை மூடி, உள்ளிருக்கும் காற்றையே சுழலவிட வேண்டும். மேலே நகரம் எரியும்போது புகையும் தூசியும் அதே துளைகள் வழியாகத்தான் வரும். மூடினால் உள்ளே மந்தம், திறந்தால் புகை. இருமடிக் கதவுகளையும் கூரையோரம் ஓடும் குழாய்களையும் பார்க்கும்போது இந்த இக்கட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உள்ளே குளிர்சாதனம் ஓடுவதால் அந்தப் புழுக்கத்தின் சுவடு ஒன்றும் தெரியாது.

அடுத்து கம்பிகள். தொலைபேசி இணைப்பகம், சமிக்ஞை அறை, சங்கேத மொழி அறை, பீரங்கி இயக்க அறை ஆகியவை வரிசையாக வருகின்றன. பீரங்கி இயக்க அறையில் கால்மணி நேரமாவது நில்லுங்கள். பெரிய மேசையில் வரைபடம், மேசையைச் சுற்றிக் காதுக்குழாய் மாட்டிய ஆட்கள், கையில் நீளக் கோல். ராடார் நிலையமோ கண்காணிப்பாளரோ தொலைபேசியில் இடம், உயரம், திசை, எண்ணிக்கை சொல்வார்கள். கோல்காரர் விமானங்களைக் குறிக்கும் வில்லையை வரைபடத்தில் அந்த இடத்துக்குத் தள்ளுவார். அதைப் பார்த்து அதிகாரி விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு உத்தரவு தருவார்.

எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் பிசகுவது நேரம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும் குண்டுவீச்சு விமானம் நிமிடத்துக்கு 5 கிலோமீட்டர் நகர்கிறது. தகவல் கிளம்பி வில்லை நகர்வதற்குள் நான்கு நிமிடம் போனால் விமானம் 20 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். சிங்கப்பூரின் வடக்குக் கரைக்கும் தெற்குக் கரைக்கும் இடையே ஏறத்தாழ அவ்வளவுதான் தூரம். மேசையில் விமானம் இன்னும் ஜோகூர் நீரிணைக்கு மேலே இருக்கும், நிஜத்தில் அது துறைமுகத்தில் குண்டு போட்டுக்கொண்டிருக்கும். பிரிட்டிஷ் விமானப்படை தன் இயக்க அறைகளில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. சுவர்க் கடிகாரத்தின் முகத்தை ஐந்து ஐந்து நிமிடப் பட்டைகளாகப் பிரித்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மாற்றி மாற்றி வண்ணம் பூசுவார்கள். நிமிட முள் எந்த வண்ணத்தில் நிற்கிறதோ அந்த வண்ண வில்லையைத்தான் மேசையில் வைக்க வேண்டும். முள் நீலத்துக்குப் போன பிறகும் சிவப்பு வில்லை கிடந்தால் அது பழைய சங்கதி, எடுத்துவிட வேண்டும். தகவலோடு அதன் வயதையும் காட்டும் ஏற்பாடு. இன்றைய பெரிய திரைகளில் பலவற்றில் இவ்வளவு தெளிவு இல்லை.

வேகமாக வந்த தகவலும் வீணாகலாம். 1941 டிசம்பர் 8 அதிகாலை ஜப்பானிய விமானங்கள் வருவதை ராடார் முன்கூட்டியே கண்டது. ராணுவ அறைகளுக்குத் தகவல் போயிற்று. ஆனால் ஊர் விளக்குகளை அணைக்கச் சொல்ல வேண்டிய பொதுமக்கள் வான்தாக்குதல் காப்புத் தலைமையகத்தில் அந்த நேரத்தில் ஆளில்லை. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்த நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. ராடார் வாங்கலாம், கான்கிரீட் ஊற்றலாம். கம்பியின் மறுமுனையில் இரவு நான்கு மணிக்கு ஒருவரை விழித்திருக்க வைக்காவிட்டால் எல்லாம் வெறும் செலவு.

இப்போது அந்த அறைக்கு வரலாம். 1942 பிப்ரவரி 11 அன்றுதான் மலாயாவின் பிரிட்டிஷ் படைத்தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவல் சைம் ரோட்டிலிருந்த தலைமையகத்தை விட்டு இங்கே வந்தார். நான்காம் நாள் காலை, பிப்ரவரி 15, கூட்டம். இந்தியப் படைப்பிரிவின் ஹீத், ஆஸ்திரேலியப் படையின் கோர்டன் பென்னெட், தலைமைப் பொறியாளர் சிம்சன், காவல்துறைத் தலைவர் டிக்கின்சன் முதலியோர் இருந்தார்கள். மேசைக்கு வந்தவை தண்ணீர், உணவு, பெட்ரோல், குண்டு இருப்பு என்று நான்கு கணக்குகள். அவற்றில் முடிவைத் தீர்மானித்தது தண்ணீர். ஜனவரி 31 அன்று கடற்பாலத்தைத் தகர்த்தபோது ஜோகூரிலிருந்து வந்த குழாயும் போயிற்று. தீவின் நீர்த்தேக்கங்கள் எதிரியின் கையில். உட்லீ நீரேற்று நிலையத்தைப் போர்முனை நெருங்கிவிட்டது. எஞ்சிய நீரிலும் பெரும்பகுதி குண்டுபட்டு உடைந்த குழாய்கள் வழியே தெருவில் ஓடியது. குழாய் ஓரிடத்தில் உடைந்தால் அடைக்கலாம். நூறு இடங்களில் உடைந்தால் அழுத்தமே நிற்காது, தீயணைப்பவர்களுக்கும் நீர் வராது. அதைப் பழுதுபார்க்க வேண்டிய தொழிலாளர்களோ குண்டுமழையில் வெளியே வரும் நிலையில் இல்லை.

அந்த மேசைக்கு வராத கணக்கு ஒன்று உண்டு. எதிரில் இருந்த ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் தீவில் சுமார் 30,000 வீரர்களே இருந்தனர், பீரங்கிக் குண்டுகளும் தீர்ந்துகொண்டிருந்தன. அந்தத் தகவலைக் கொண்டுவர இந்த அறைக்கு ஒரு கம்பியும் இல்லை.

அறையைப் பார்த்த கையோடு குன்றிறங்கி, பத்து நிமிட நடையில் கேத்தே கட்டடத்துக்குப் போய்விடலாம். 1939ஆம் ஆண்டு முகப்பு இன்னும் நிற்கிறது. அன்றைக்கு ஊரிலேயே உயரமான கட்டடம் என்பதால், பெர்சிவல் பேச்சுவார்த்தைக்கு வருகிறார் என்பதற்கு அடையாளமாக இதன் உச்சியில் ஜப்பானியக் கொடியை ஏற்றச் சொன்னார்கள். நிலத்தடியில் அத்தனை தொலைபேசிகளைப் பூட்டிய படை, கடைசித் தகவலைக் கொடியால் அனுப்பியது. இதே கேத்தேயில்தான் 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். போர் முடிந்ததும் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் இங்கேயே குடியேறியது. 

ஞாயிற்றுக்கிழமை: சிலோசோ

ஹார்பர்ஃபிரண்டில் இறங்கி செந்தோசாவுக்கு நடைபாலத்தில் போகலாம். சிலோசோ முனையில் மின்தூக்கி ஏறினால் பதினோரு மாடி உயரத்தில் 181 மீட்டர் நீள நடைபாதை, அது நேரே கோட்டைக்குள் இறக்கிவிடும். கோட்டைக்குக் கட்டணமில்லை. தண்ணீர்ப் புட்டியும் கொசு மருந்தும் கட்டாயம். சுரங்கங்களில் தரை ஈரமாக இருக்கும், செருப்பு வழுக்கும்.

நேற்றுப் பார்த்தது தீவு முழுவதற்குமான அறை. இன்று பார்ப்பது ஒரே ஒரு காரியத்துக்கான அறை, அதாவது கடலில் வரும் கப்பல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பீரங்கிகளைத்தான் எல்லாரும் படமெடுக்கிறார்கள். அவற்றுக்கு மேலே உள்ள கண்காணிப்பு மேடைக்கு ஏறுங்கள். சிங்கப்பூரின் கடலோரப் பீரங்கிகள் சாங்கி, ஃபேபர் என்று இரண்டு சுடுகட்டளைப் பிரிவுகளாகப் பிரிந்திருந்தன. தெற்குக் கரையைக் காத்த சிலோசோ ஃபேபர் பிரிவில் வரும்.

தூரமளக்கும் கருவியின் தத்துவம் பள்ளிக்கூட முக்கோணவியல். உங்கள் உயரம் தெரியும். கப்பல் நீரைத் தொடும் கோட்டைத் தொலைநோக்கியில் பிடித்தால் கீழ்நோக்கிய கோணம் கிடைக்கும். உயரத்தையும் கோணத்தையும் வைத்துத் தூரம். 60 மீட்டர் உயரத்தில் நின்று 6,000 மீட்டர் தூரத்துக் கப்பலைப் பார்த்தால் கோணம் அரை டிகிரிக்குச் சற்று மேல். அவ்வளவு சிறிய கோணம் என்பதால் சிறு பிழையும் பெரிதாகும். எல்லாரும் மறப்பது கடல் மட்டத்தை. இங்கே ஏற்ற வற்றம் 3 மீட்டர் வரை போகும். வற்றத்துக்கு வைத்த கருவியை ஏற்றத்தில் அப்படியே பயன்படுத்தினால், உண்மையான உயரம் 57 மீட்டர், கருவி நினைப்பது 60. ஐந்து விழுக்காடு பிழை, 6,000 மீட்டரில் 300 மீட்டர். குண்டு கப்பலைத் தாண்டிப் போய் விழும். ஆகவே மணிக்கொரு முறையாவது நீர்மட்டத்தைப் பார்த்துக் கருவியைத் திருத்த ஒருவர் வேண்டும்.

இரண்டாவது திருத்தம் இடம். அளப்பவர் ஓரிடத்தில், பீரங்கி வேறிடத்தில். இருவருக்கும் கப்பல் ஒரே திசையில் தெரியாது. மூன்றாவது, குண்டு பறக்கும் நேரம். 20 நாட் வேகத்தில் போகும் கப்பல் விநாடிக்கு 10 மீட்டர் நகரும். குண்டு போய்ச் சேர 20 விநாடி என்றால், கப்பல் இப்போது நிற்கும் இடத்துக்குச் சுடுவதில் பயனில்லை, 200 மீட்டர் முன்னால் சுட வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எண்ணைத் தொலைபேசியில் பீரங்கிக்குச் சொல்லும் இடம்தான் கட்டளை மேடை. அங்கே இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் போயிற்று.

பீரங்கிகள் தப்பான பக்கம் பார்த்து நின்றன என்ற பழங்கதையை இங்கே யாராவது சொல்லத்தான் செய்வார்கள். பல பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பின, சுடவும் செய்தன. ஆனால் இருப்பில் இருந்தவற்றில் பெரும்பாலானவை கப்பலின் எஃகைத் துளைக்கும் குண்டுகள். அவை மண்ணில் ஆழப் புதைந்து வெடிக்கும். காலாட்படையைச் சிதறடிக்கும் வகைக் குண்டுகள் குறைவு. எந்த அறையில் என்ன உத்தரவு போட்டாலும் கிடங்கில் இருப்பதைத்தான் சுட முடியும்.

திரும்பும் வழியில் தலைக்கு மேலே கேபிள் கார் போகும். 1983 ஜனவரி 29 மாலை, எனிவெடோக் என்ற துளையிடும் கப்பலின் கோபுரம் அந்தக் கம்பியில் மாட்டி இழுத்தது. இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மற்றப் பெட்டிகளில் 13 பேர் நள்ளிரவு தாண்டியும் தொங்கினார்கள். மீட்புப் பணிக்குப் பொறுப்பேற்றவர் அப்போது கர்னலாக இருந்த, பின்னாளில் பிரதமரான லீ சியன் லூங். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் ஆளை இறக்கி ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். விசிறி கிளப்பும் காற்றே பெட்டியை ஆட்டும், பெட்டிக்கு மேலே கம்பி வேறு, கப்பலோ கீழே இன்னும் கம்பியோடு பிணைந்து கிடந்தது. கப்பல் அசைந்தால் எல்லாம் அசையும். துறைமுகம், விமானப்படை, கடற்படை, காவல்துறை எல்லாரையும் ஒரே தலைமைக்குக் கீழ் கொண்டுவந்ததுதான் அன்று வேலை செய்தது.

திங்கட்கிழமை: சிராங்கூன் சாலை

திங்கட்கிழமை அரும்பொருளகங்களில் பல மூடியிருக்கும். வெளியில் பார்க்கக்கூடியதை வைத்துக்கொள்வது நல்லது. ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கினால் ரேஸ் கோர்ஸ் சாலை வாழையிலைக் கடைகள் நடக்கும் தூரம். மதியச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போகலாம்.

1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த இந்திய வீரர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல் இங்கே திரட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் தரப்பில் ஹன்ட் என்ற அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அடுத்து இந்திய அதிகாரி மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் தொடக்கம் அது. அறை இல்லை, வரைபடம் இல்லை. ஒலிபெருக்கியும் மொழிபெயர்ப்பாளர்களும்தான். மலாயா போரில் போரிட்டவர்களில் தமிழ் பேசியவர்களுக்கு ஆங்கிலத்திலிருந்தும் ஜப்பானிய மொழியிலிருந்தும் இந்துஸ்தானிக்கு வந்த பேச்சு எவ்வளவு எட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டளை அறைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டளை எந்த மொழியில் போய்ச் சேர்ந்தது என்பதை அதிகம் கேட்பதில்லை.

அங்கிருந்து சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்துக்கு வாருங்கள். 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்ட் என்று எல்லாரும் அழைத்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்த இடம். 33 பேர் இறந்தனர், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணை கண்டது. நமக்கு இங்கே வேண்டியது மீட்பு எப்படி நடந்தது என்பது. அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் உதவிக்கு வந்தார்கள். கனரக இயந்திரங்களால் மேலிருந்து அள்ளினால் இடிபாடு உள்ளே சரியும். ஆகவே பக்கவாட்டில் சுரங்கம் தோண்டி நுழைந்தார்கள். அவ்வப்போது எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, ஒருவரும் பேசாமல், உள்ளே குரலோ தட்டும் சத்தமோ கேட்கிறதா என்று கேட்டார்கள். சம்பவ இடத்துக் கட்டளையில் மிகக் கடினமான உத்தரவு இதுதான். அவசரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கானோரை ஒரே நொடியில் நிறுத்த வேண்டும், நிறுத்தியவர் யாரென்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது. இந்த விபத்துக்குப் பிறகுதான் மீட்புப் பயிற்சியும் கருவிகளும் பெரிய அளவில் மாறின. 1989 ஏப்ரலில் தீயணைப்புச் சேவை குடிமைத் தற்காப்புப் படையோடு இணைந்தது.

செவ்வாய்க்கிழமை: தெங்காவிலிருந்து புக்கிட் தீமா வரை

காலையில் தெங்கா. புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளும் பாரந்தூக்கிகளுமாக இருக்கும் இந்தப் பக்கத்தில், கிராஞ்சி ஆற்றுக்கும் ஜூரோங் ஆற்றுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய நிலத்தில் கிராஞ்சி ஜூரோங் தற்காப்புக் கோடு ஓடியது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நடந்ததைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடமுமில்லை.

1942 பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்குக் கரையில் இறங்கினார்கள். பகல் முழுக்க நடந்த பீரங்கித் தாக்குதலில் ஆஸ்திரேலியரின் 22ஆம் பிரிகேடுடைய தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோயிருந்தன. தேடுவிளக்குகள் உத்தரவுக்காகக் காத்திருந்தன, உத்தரவு வரவில்லை. ஒளிக்குண்டுகளை வானில் சுட்டுத் தங்கள் பீரங்கிகளை அழைக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் யமஷிதா ஜோகூர் சுல்தானின் புக்கிட் செரீன் மாளிகைக் கோபுரத்தில் இருந்துகொண்டு நீரிணையை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம், அதற்கு ஜப்பானியர் காரணமில்லை. நிலைமை கைமீறினால் நகரைச் சுற்றிக் கடைசி வளையம் எப்படி அமைய வேண்டும் என்று பெர்சிவல் ஒரு ரகசியத் திட்டத்தைத் தயாரித்து, மூத்த தளபதிகளுக்கு மட்டும் முன்னறிவிப்பாக அனுப்பினார். பென்னெட்டின் தலைமையகம் அதைத் தன் பிரிகேடுகளுக்கு இறக்கியது. 22ஆம் பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் டெய்லர் அதை உடனே பின்வாங்கும் உத்தரவாக எடுத்துக்கொண்டார். பிப்ரவரி 10 அன்று கோடு காலியாகிவிட்டது. தீவின் மேற்கில் தற்காக்க வசதியாக இருந்த ஒரே ஒடுங்கல் இது.

தேசிய சேவை முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், ஆயத்த உத்தரவுக்கும் செயல் உத்தரவுக்கும் உள்ள வித்தியாசத்தை உடனே சொல்வார்கள். ஆயத்த உத்தரவின் முதல் வரியிலேயே மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இது இப்போது செய்ய வேண்டியதல்ல, எது நடந்தால் செய்ய வேண்டும், தொடங்கு என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு. வாங்கியவர் தம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். களைத்துப்போன, கம்பி அறுந்த, இரண்டு நாள் தூங்காத ஒரு தலைமையகத்தில் 'ஆனால்', 'என்றால்' எல்லாம் முதலில் உதிர்ந்துவிடும். வினைச்சொல் மட்டும் மிஞ்சும்.

மதியம் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. அப்பர் புக்கிட் தீமா சாலையில், 2025 பிப்ரவரியில் திறந்த ஹியூம் நிலையத்திலிருந்து நடக்கலாம். தென்கிழக்காசியாவின் முதல் கார் பூட்டும் ஆலை, 1941 அக்டோபரில் திறந்தது. நான்கே மாதத்தில் இங்கே சரணாகதி கையெழுத்தானது. அந்த அறையின் மேசை நகல்தான், அசல் கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கிறது. போர் நிறுத்தம் சிங்கப்பூர் நேரம் இரவு 8:30 என்று முடிவானது. தோக்கியோ நேரப்படி அது 10 மணி. ஜப்பானியப் படை தோக்கியோ நேரத்தில் இயங்கியது, தீவு ஒன்றரை மணி நேரம் பின்னால். எந்தக் கடிகாரத்தின் 8:30 என்று எழுதாமல் விட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம் சுட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். இன்றும் கட்டளை அறைகளில் சுவர் நிறைய கடிகாரங்கள் தொங்குவது அலங்காரத்துக்காக அல்ல.

புதன்கிழமை: ஹில் ஸ்ட்ரீட், டோபி காட்

சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுபோட்ட மத்திய தீயணைப்பு நிலையத்தில் குடிமைத் தற்காப்பு மரபுடைமைக் கூடம் இருக்கிறது, நுழைவு இலவசம். பிள்ளைகளை அழைத்துப் போக இந்த வாரத்தில் இதுவே ஏற்ற இடம். காவல் கோபுரத்தைக் கவனியுங்கள். தொலைபேசி பரவும் முன் தீயைக் கண்டுபிடிக்க இருந்த வழி, உயரத்தில் ஒருவர் நின்று புகை தெரிகிறதா என்று பார்ப்பதுதான்.

இன்றைய கட்டளை அறைகளுக்குள் நமக்கு அனுமதியில்லை. அமைப்பு மட்டும் வெளிப்படையானது. 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது 238 பேருக்குத் தொற்றி 33 பேர் இறந்தார்கள். சுகாதார அமைச்சு மட்டும் சமாளிக்கும் விவகாரம் அல்ல அது. பள்ளிகள், விமான நிலையம், சந்தைகள், வீட்டில் தனிமைப்படுத்தல் என்று எல்லா அமைச்சுகளையும் தொட்டது. 2004இல் உள்நாட்டு நெருக்கடி நிர்வாக முறை உருவானது. மேலே உள்துறை அமைச்சர் தலைமையில் அமைச்சர் குழு கொள்கை முடிவெடுக்கும். அதன் கீழே நிரந்தரச் செயலாளர் தலைமையில் நிர்வாகக் குழு அமைச்சுகளை ஒருங்கிணைக்கும். அதற்கும் கீழே துறைவாரியான நெருக்கடிக் குழுக்கள். அமைச்சர் நேரடியாகக் களத்திலிருக்கும் அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு உத்தரவு போடத் தொடங்கினால் இந்த அடுக்குக்கு அர்த்தமில்லை. நேரலைக் காணொளி வந்த பிறகு எல்லா நாடுகளிலும் அந்த ஆசைதான் பெரிய தொல்லை.

பொதுமக்கள் பக்கத்தில் தெரியும் கம்பி அபாயச் சங்கு. ஒவ்வோர் ஆண்டும் முழுமைத் தற்காப்பு தினமான பிப்ரவரி 15 அன்று மாலை 6:20க்கு ஊதுகிறது. 1998 முதல் புதிய வீடுகளுக்குக் கட்டாயமான பதுங்கறை, நம்மில் பலருக்கு அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைக்கும் இடம். வைத்துக்கொள்ளலாம், ஆனால் எஃகுக் கதவு முழுதாக மூடும்படி வழி விடுங்கள், காற்றுத்துளைத் தகடுகளை மறைத்து அலமாரி அடிக்காதீர்கள்.

கடைசியாக டோபி காட் பசுந்திடல். எதிரே மெக்டொனால்ட் ஹவுஸ். 1965 மார்ச் 10 அன்று இந்தோனேசியப் படையினர் வைத்த குண்டில் மூன்று பேர் இறந்தார்கள், 33 பேர் காயமடைந்தார்கள். நினைவுச்சின்னம் திடலில் இருக்கிறது.

அங்கே நிழலில் உட்கார்ந்து லாஜு சம்பவத்தை நினைத்துக்கொள்ளலாம், அதற்கென்று போய்ப் பார்க்க வசதியான இடம் கடல்தான். 1974 ஜனவரி 31 அன்று ஜப்பானிய செம்படையும் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியும் சேர்ந்த நால்வர் புக்கோம் தீவின் எண்ணெய் ஆலையில் குண்டு வைத்துவிட்டு, லாஜு படகைக் கைப்பற்றினார்கள். கடற்படையும் காவல்துறையும் படகைச் சூழ்ந்து நிறுத்திவிட்டன. அதற்கு மேல் எட்டு நாள் பேச்சு. விமானம் தர ஜப்பான் தயங்கியது. பிப்ரவரி 6 அன்று குவைத்தில் ஜப்பானியத் தூதரகத்தை வேறு ஒரு குழு பிடித்துவைத்ததும் எல்லாம் மாறிற்று. சிங்கப்பூரில் எவ்வளவு நல்ல அறை இருந்திருந்தாலும், முடிவைத் தீர்மானித்த செய்தி குவைத்திலிருந்து தோக்கியோ வழியாக வந்தது. விமானம் வந்தது. பிணையாக உடன் போன 13 அதிகாரிகளுக்குத் தலைமை தாங்கியவர், தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுப் பிரிவுக்கு அப்போது இயக்குநராக இருந்த எஸ்.ஆர்.நாதன். பின்னாளில் அதிபரானவர். பிப்ரவரி 8 அன்று கிளம்பினார்கள். குவைத்தில் இறங்க முதலில் அனுமதி கிடைக்கவில்லை, பேச்சு விமானத்துக்குள்ளேயே தொடர்ந்தது. மறுநாள் 13 பேரும் ஊர் திரும்பினார்கள்.